இனவாதமும் பூர்வகுடி உரிமையும்: கொழும்பில் இருந்துகொண்டு எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

வெள்ளவத்தைக்காரி:

வணக்கம். கொழும்பில் சமூகவியல் முதுமாணி செய்கிறேன். ஆய்வேட்டுத் தலைப்பைக் கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. காலனித்துவ ஆட்சியில் இருந்த சமூகங்களில் இனவாதமும் பூர்வகுடிகளின் உரிமையும் என்பதுதான் எடுத்திருக்கும் பாடம். மிகவும் பிடித்த பாடம், ஆனால் வாசிக்கத் தந்ததெல்லாம் அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து. 1840இல் நியூசிலாந்தின் மாவோரித் தலைவர்கள் பிரித்தானியரோடு கையொப்பமிட்ட வைத்தாங்கி உடன்படிக்கை பற்றி மணிக்கணக்காகக் கதைக்கக்கூடிய எங்கள் வகுப்பில், எங்கள் கிழக்குக் கரையில் வாகரையிலும் மூதூர்ப் பக்கத்திலும் தமிழ் பேசுகிற வேடர் என்ற பூர்வகுடிச் சமூகம் இருக்கிறது என்பது பலருக்குப் புதுச் செய்தி. கடைசியாக நடந்த கருத்தரங்கில் எல்லோரும் வெள்ளையர் செய்ததை நன்றாகப் பேசினார்கள், எனக்கும் அதில் மறுப்பில்லை, ஆனால் இரண்டு மணித்தியாலத்தில் இந்தத் தீவில் யாருடைய காடு யாருக்குப் போனது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மெல்பேர்னில் படிப்பைத் தொடர ஒரு வாய்ப்பும் வரும்போல் இருக்கிறது, வீட்டில் எல்லோரும் "போ" என்கிறார்கள். எனக்கோ கரையோர வேடரைப் பற்றி இங்கிருந்தே செய்ய வேண்டும் என்ற எண்ணம். பெரியம்மாவிடம் சொன்னபோது, "எங்கட பிரச்சினையே தலைக்கு மேல கிடக்கு, உனக்கேன் அது" என்றார். அவர் 83 கலவரத்தில் வீடு எரிந்து அகதி முகாமில் இருந்தவர், அவர் அப்படிச் சொல்வது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. எங்கே தொடங்கலாம், எந்தப் பதிவுகளைப் பார்க்கலாம், அங்குள்ள மக்களிடம் எப்படிப் போகலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெற்குவானம்:

தங்கச்சி, நான் தெஹிவளையில் வளர்ந்து இப்போது மெல்பேர்னில் இருக்கிறேன். வாய்ப்பு வந்தால் வாருங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் இங்கே எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து வராதீர்கள்.

எங்கள் பாடப்புத்தகங்களில் மாபோ வழக்கை வெற்றிக் கதையாகச் சொல்கிறார்கள். 1992 ஜூன் 3ஆம் திகதி, இந்தக் கண்டம் வெள்ளையர் வரும்போது யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது என்ற கதையை இங்குள்ள அதியுயர் நீதிமன்றம் தூக்கி எறிந்தது. வழக்கைத் தொடுத்த எடி மாபோ அதைக் கேட்க உயிரோடு இல்லை, அந்த வருட ஜனவரியிலேயே இறந்துவிட்டார். அடுத்த வருடம் பூர்வகுடி நில உரிமைச் சட்டம் வந்தது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். பிறகு நடந்ததைத்தான் நீங்கள் படிக்க வேண்டும். இங்குள்ள மறே ஆற்றங்கரையில் இருக்கிற யோர்ட்டா யோர்ட்டா மக்கள் தங்கள் நிலத்தைக் கேட்டுப் போனார்கள். பிரித்தானியர் ஆட்சி தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை உங்கள் வழமைகள் இடையறாமல் தொடர்ந்தன என்று நிரூபியுங்கள் என்றார்கள். அந்த மக்களை அந்த நிலத்திலிருந்து விரட்டியது யார், பிள்ளைகளைப் பிடுங்கியது யார், மொழியைப் பேசவிடாமல் செய்தது யார்? அப்படி எல்லாவற்றையும் அறுத்தவர்களே, அறுந்துபோனதால் உனக்கு உரிமை இல்லை என்று 2002இல் தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்பை வாசித்தபோது எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 ஒக்டோபர் 14இல் பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்தின் காதில் விழக்கூடிய ஆலோசனைக் குரல் ஒன்றை அரசியலமைப்பில் சேர்ப்பதா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 60 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள், ஆறு மாநிலங்களிலும் தோல்வி. எனக்குத் தெரிந்த தமிழ் வீடுகளில், படகில் வந்து தஞ்சம் கேட்டவர்கள் இருக்கிற வீடுகளில்கூட, "அவைக்கு மட்டும் ஏன் விசேஷம்" என்ற பேச்சைக் கேட்டேன். இனவாதத்துக்குத் தப்பி வந்த நாங்கள் அதைச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. இதைப் படிக்க இங்கே நூலகம் இருக்கிறது, வழக்கு ஏடுகள் இருக்கின்றன, நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வாருங்கள்.

பழைய ஏடு:

பிள்ளை, நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். தெற்குவானம் சொன்ன அந்தத் தீர்ப்பின் மூத்த அண்ணன் இங்கேதான் இருக்கிறார், அவரைப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை, சுதந்திர சதுக்கத்துக்குக் கிட்ட இருக்கிற தேசிய சுவடிகள் திணைக்களம் வரை போனால் போதும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை எடுத்து முழுதாக வாசியுங்கள். காடு, தரிசு, குடியில்லாத, பயிரிடாத நிலமெல்லாம், எதிர்மாறாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியது. கண்டிப் பகுதியில், காடு வெட்டி எரித்துப் பயிரிடுகிற சேனை நிலமும் அப்படியே. உனக்குச் சொந்தமென்றால் அரசன் கொடுத்த நிலப் பட்டயமான சன்னசைக் காட்டு, அல்லது வரி கட்டியதைக் காட்டு. காட்டில் தேன் எடுத்து, வேட்டையாடி, சில வருடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிச் சேனை செய்கிறவனிடம் எந்த அரசன் எழுதிய சன்னசு இருக்கும்? அவன் யாருக்கு வரி கட்டியிருப்பான்? அந்தச் சட்டம் வந்த கையோடு ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு மலை மலையாகக் கோப்பிக்கு விற்றார்கள், வாங்கியவர்களில் காலனித்துவ அதிகாரிகளும் இருந்தார்கள். 1897இல் தரிசு நிலக் கட்டளைச் சட்டம் என்று இன்னொன்று கொண்டுவந்து மிச்சத்தையும் இறுக்கினார்கள். பாதிக்கப்பட்டது வேடர் மட்டும் அல்ல, கண்டிச் சிங்களக் கிராமங்களும்தான், 1848இல் மாத்தளையில் கிளர்ச்சி வந்ததற்கு வரிகளோடு இந்த எரிச்சலும் ஒரு காரணம். அதை இரத்தத்தில் அடக்கிய ஆளுநர் டொரிங்டனின் பெயரைக் கொழும்பில் இன்னும் வீதிப் பெயராகச் சொல்கிறோம்.

அடுத்தது குடிசன மதிப்பு. இதைக் கவனமாகப் பாருங்கள். வேடர் என்று பதியப்பட்டவர்கள் 1911இல் 5,332 பேர். 1946இல் 2,361. 1953இல் 803. 1963இல் ஏறத்தாழ 400. அதற்குப் பிறகு தனி நிரலே இல்லை, "ஏனையோர்" என்பதற்குள் போய்விட்டார்கள். ஐம்பது வருடத்தில் ஐயாயிரம் பேர் செத்துப்போகவில்லை பிள்ளை. மகாவலிப் பக்கம் இருந்தவர்கள் சிங்களவர் என்றும் கிழக்குக் கரையில் இருந்தவர்கள் தமிழர் என்றும் எழுதப்பட்டார்கள், எழுதிக்கொள்ளவும் செய்தார்கள், ஏனென்றால் வேடர் என்று எழுதினால் கிடைப்பது ஏளனம் மட்டும்தான். பிறகு அந்த எண்ணிக்கையையே காட்டி, அழிந்துவரும் இனம் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படிப்பித்தார்கள். நானும் அந்தப் புத்தகத்திலிருந்துதான் படித்தேன்.

மண்டையோடுகளையும் விடாதீர்கள். 1880களில் சுவிற்சர்லாந்தின் பாசலிலிருந்து வந்த பவுல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்ற இருவர் வேடரின் எலும்புகளைத் தோண்டிச் சேர்த்துக் கொண்டு போனார்கள். மனிதரை உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் என்று அளவுகோல் வைத்து அடுக்கிய காலம் அது, வேடரை அடித்தட்டில் வைத்தார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் நூறு வருடத்துக்கு மேல் கிடந்த ஒன்பது மண்டையோடுகள் 2019 நவம்பரில்தான் வேடர் தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவின் கையில் திரும்பக் கொடுக்கப்பட்டன. இனவாதத்தை ஒரு அறிவியலாகப் படித்துப் பட்டம் வாங்கினார்கள் என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும், நீங்களும் அதே பல்கலைக்கழக அமைப்புக்குள்ளிருந்துதான் அந்த மக்களிடம் போகப் போகிறீர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகாவது மாறியதா என்றால், 1949இல் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தொடங்கி அணைக்குப் பின்னால் வேடரின் வேட்டைக் காடுகள் நீருக்குள் போயின. 1983 நவம்பரில் மாதுறு ஓயாவைத் தேசியப் பூங்கா என்று அறிவித்து, உள்ளே இருந்தவர்களை ஹெனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். திசாஹாமி என்ற முதிய வேடர் தலைவர் தன் ஊரான தம்பானையை விட்டு அசைய மறுத்தார், 1998இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அந்தக் காட்டைப் பூங்காவாக்கி அவர்களை வெளியே அனுப்பியது வெள்ளைக்காரன் போன பிறகு.

நீர்கொழும்பான்:

எல்லாம் சரி, ஆனால் ஒன்றைக் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். வடக்கு கிழக்கில் தமிழர்தான் காலாகாலமாக இருக்கிற மக்கள் என்று சொல்லிச் சொல்லியே இவ்வளவு காலம் போராடியிருக்கிறோம். இப்போது கிழக்குக் கரையில் இருப்பவர்களைத் தமிழர் அல்ல, வேடர் என்று தனியாகப் பிரித்து ஆய்வு செய்தால் அது யாருக்கு லாபம்? தொல்லியல் இடம் என்று சொல்லித் தமிழரின் வயலுக்குள் எல்லைக்கல்லை நடுகிற காலத்தில் இருக்கிறோம். உங்கள் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு போய், பாருங்கள், கிழக்கில் தமிழர் பிறகு வந்தவர்கள், அவர்களின் படித்த பிள்ளையே எழுதியிருக்கிறது என்று சொல்ல மாட்டார்களா? நல்ல மனதோடு செய்கிற காரியம் எங்கே போய் முடியும் என்றும் யோசியுங்கள்.

மலைச்சாரல்:

நீர்கொழும்பான் அண்ணாவின் பயம் பொய்யில்லை. ஆனால் அதே பயத்தை இன்னொரு பக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் ஹற்றனில் ஒரு தோட்டத்தில் பிறந்தவன், கொழும்பு 13இல் வேலை செய்கிறேன். "முதலில் வந்தவனுக்குத்தான் உரிமை" என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்தப் பேச்சு எங்களை என்ன செய்தது என்று பாருங்கள்.

1947 தேர்தலில் தோட்டத் தமிழர் வாழ்கிற மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனம் வென்றது. 1948இல் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்து எங்களை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த வருடம் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம். 1952 தேர்தலில் எங்களுக்கு ஒரு ஆசனமும் இல்லை, வாக்கே இல்லையே. சட்டத்தில் வழி இருந்தது என்பார்கள். ஓம், இருந்தது. கலியாணம் முடித்தவன் ஏழு வருடம், முடிக்காதவன் பத்து வருடம் இங்கே தொடர்ந்து இருந்ததாக நிரூபிக்க வேண்டும். என் தாத்தா விண்ணப்பித்தார். அவர் பிறந்தது தோட்டத்து வரிசை வீடான லயத்தில், தோட்டத்து மருத்துவிச்சி கையில், எங்கே இருக்கும் பிறப்புச் சான்றிதழ்? தோட்டத்து வேலைப் பதிவேடான செக்றோலில் பெயர் ஒரு வருடம் முத்தையா, அடுத்த வருடம் முத்துசாமி, எழுதிய கணக்கப்பிள்ளைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. விசாரித்த அதிகாரிக்கு அது போதும், இவர் ஒரே ஆள் என்று நிரூபிக்கவில்லை என்று தள்ளிவிட்டார். விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு நடந்தது இதுதான். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து 975,000 மனிதரைப் பங்கு போட்டார்கள், 525,000 அங்கே, 300,000 இங்கே, மிச்சம் 150,000 பிறகு பார்க்கலாம் என்று. தாத்தாவின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. மிஞ்சியவர்களின் நாடற்ற நிலை சட்டப்படி முடிய 2003 வரை போனது.

இப்போது பழைய ஏடு ஐயா எழுதியதைத் திரும்ப வாசியுங்கள். 1840இல் வேடனிடமும் கண்டிக் கிராமத்தவனிடமும் சன்னசு காட்டு என்றான். 1949இல் என் தாத்தாவிடம் சான்றிதழ் காட்டு என்றார்கள். அந்த யோர்ட்டா யோர்ட்டா மக்களிடம் இருநூறு வருடத்து வழமையைக் காட்டு என்றார்கள். யாரிடம் கடதாசி இல்லையோ அவனிடம்தான் எப்போதும் கடதாசி கேட்கிறார்கள். கடதாசி இல்லாமல் பண்ணியவனே கேட்கிறான். தங்கச்சி, நீங்கள் படிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான் என்று நினைக்கிறேன். யார் முதலில் வந்தது என்ற கேள்வியை எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். யாரிடம் யார் எப்போது சான்று கேட்டார்கள், கேட்கிற அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று எடுத்தால், வேடருக்கு நியாயம் கேட்பதற்காக எங்களை வந்தேறி ஆக்க வேண்டிய அவசியமும் வராது.

இன்னொன்று. பறித்த நிலத்தில் கோப்பியும் தேயிலையும் நட்டது எங்கள் ஆட்களின் கை. அந்த நிலத்தில் ஒரு துண்டும் எங்களுக்குச் சொந்தமில்லை, வீடு கட்ட 7 பேர்ச்சஸ் என்ற சின்னத் துண்டுக் காணிக்கு இன்னும் கேட்டுக்கொண்டு நிற்கிறோம். கண்டிக் கிராமத்தவனுக்கு எங்களைக் காட்டி "இவன்தான் உன் நிலத்தைப் பிடித்தவன்" என்று சொல்லிக் கொடுத்தார்கள், அவனும் நம்பினான். துரை தப்பிவிட்டார்.

கடலோரம்:

இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். என் அம்மாவின் ஊர் வாகரைப் பக்கம். நீங்கள் ஆய்வு செய்ய நினைக்கிற ஆட்களில் ஒருவன். கொழும்பில் கணக்கு எழுதுகிற வேலை. வேலை செய்யும் இடத்தில் ஒருவருக்கும் இது தெரியாது.

முதலில் நீர்கொழும்பான் அண்ணாவுக்கு. எங்களை எண்ணினால் தமிழரின் தொகை குறைந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம், வெருகல் முருகனைத்தான் கும்பிடுகிறோம், ஷெல் அடித்தபோது உங்களோடுதான் ஓடினோம். 2004இல் கடல் வந்தது, 2006 கடைசியில் வாகரையைச் சுற்றி வளைத்துச் சண்டை, தை மாதம் காட்டு வழியாக மட்டக்களப்புக்கு நடந்தோம், அப்போது நீ வேடன், உனக்குக் குண்டு விழாது என்று யாரும் சொல்லவில்லை. தமிழர் என்ற கணக்கில் துன்பத்தை முழுதாக வாங்கிக்கொண்டோம். ஆனால் கோயில் நிர்வாகத்தில், பள்ளிக்கூடத்தில், கலியாணப் பேச்சில் நாங்கள் தமிழரா? பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் "வேடன்". கணக்குப் பிழைத்தால் அந்தப் பெயர், சட்டை அழுக்கானால் அந்தப் பெயர். ஆசிரியர் ஒருவரும் சிரித்துக்கொண்டே சொல்வார். சிங்களவர் யாரும் அந்த வகுப்பில் இல்லை, வெள்ளைக்காரரும் இல்லை. என் அக்காவுக்குப் பேசிய சம்பந்தம், அம்மம்மா யார் என்று தெரிந்த அன்று நின்றுபோனது. இதையெல்லாம் சொல்லாமல் ஒற்றுமை என்று மட்டும் சொன்னால் அது எங்களை வாயை மூடச் சொல்வதுதான்.

பிறப்புச் சான்றிதழில் என் இனம் "இலங்கைத் தமிழர்". பதிந்தவர் அப்பாவிடம் கேட்கவே இல்லை, அவரே எழுதிக்கொண்டார். நான் அதை மாற்றக் கேட்கவும் இல்லை. எனக்கு இரண்டும் வேண்டும். தமிழனாகவும் வேடனாகவும் இருக்க ஏன் முடியாது? இதற்கு ஒரு நிரல் இல்லை என்பது என் பிழை அல்ல.

அம்மம்மாவின் தலைமுறை காட்டில் தேன் எடுத்தது, களப்பில் மீன் பிடித்தது, சேனை வெட்டியது. சடங்கு வைத்தால் குமார தெய்வம் ஏறும், அப்போது அவர்கள் பாடுகிற சொற்களில் சில தமிழும் அல்ல சிங்களமும் அல்ல, எங்களுக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் பிழைவிடாமல் பாடுவார்கள். போருக்குப் பிறகு ஊர் திரும்பினால், தேன் எடுக்கிற இடத்துக்கு எல்லைக்கல் போட்டிருந்தது. எங்கள் ஆட்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆகிவிட்டார்கள். காணி உறுதி இருக்கிறதா என்றார்கள். மலைச்சாரல் சொன்ன அதே கேள்வி. ஒரு வித்தியாசம், கேட்டவர்களில் தமிழ் அதிகாரிகளும் இருந்தார்கள்.

ஆய்வுக்கு வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருகிறார்கள். வில்லும் கோடரியும் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். தம்பானையில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்களே, அதைப்போல வேண்டும் அவர்களுக்கு. எங்களிடம் இருப்பது தோணியும் வலையும் நுண்கடன் புத்தகமும். கடனைப் பற்றிக் கேட்டவர் ஒருவரையும் நான் காணவில்லை. கூட்டிக்கொண்டு போய்ச் சடங்கைப் பதிவு செய்துகொண்டு போனவர்கள், அதைத் திரும்பக் கொண்டுவந்து காட்டியதில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் எங்கள் ஊரில் யார் வாசிப்பது?

வெள்ளவத்தைக்காரி:

கடலோரம் அண்ணா, எழுதியதற்கு நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் வைத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று விளங்குகிறது.

ஒரு விஷயம் பார்த்தேன். 2007 செப்டெம்பர் 13இல் பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிர்த்தவை அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகள். இலங்கை ஆதரித்தது. எதிர்த்த நாடுகளும் பிறகு மாறின. ஆனால் ஆதரித்து வாக்களித்த எங்கள் நாட்டில் அந்த உரிமைகளை நடைமுறைக்குக் கொண்டுவர ஒரு தனிச் சட்டம் இல்லை, சர்வதேச தொழில் தாபனத்தின் 169ஆம் இலக்கச் சமவாயத்திலும் இலங்கை சேரவில்லை. அப்படியானால் வேடர் நீதிமன்றம் போனால் எதைக் காட்டி வாதாடுவது? பழைய ஏடு ஐயாவுக்குத் தெரிந்திருக்குமா?

பழைய ஏடு:

நல்ல கேள்வி பிள்ளை. 2020ஐப் பாருங்கள். பொல்லேபெத்த, ரம்பகன் ஓயாப் பக்கத்தில் சோளம் பயிரிட என்று காட்டைத் துப்புரவாக்கினார்கள். வன்னில அத்தோ சுற்றாடல் நீதிக்கான மையத்தோடு சேர்ந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். இது எங்கள் மூதாதையரின் நிலம் என்று சொல்வதற்குத் தனியான சட்டக் கதவு இல்லாததால், காட்டையும் யானையையும் காக்கிற சட்டங்களோடு சேர்ந்துதான் மனிதரும் உள்ளே போக வேண்டியிருந்தது. அதே சுற்றாடல் பாதுகாப்பு என்ற பெயரில்தான் 1983இல் அவர்களை மாதுறு ஓயாவிலிருந்து வெளியே அனுப்பினார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் வெளியேற்றிய அதே வாசல் வழியாக இன்று உரிமை கேட்டு நுழைகிறார்கள். இதை ஒரு தனி அத்தியாயமாகவே எழுதலாம்.

வன்னில அத்தோவின் ஆட்களுக்கு ஊடக வெளிச்சமாவது இருக்கிறது, அமைச்சர்கள் போய்ப் படம் எடுக்கிறார்கள். கரையோர வேடருக்கு அதுவும் இல்லை. சிங்களத் தேசியக் கதையில் தம்பானை வேடருக்கு சிங்களவரின் முதல் அரசனாகச் சொல்லப்படும் விஜயன், அவன் மணந்த குவேனி என்று ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறார்கள். நாங்கள் வள்ளியை வேடர் மகள் என்று தேர் இழுக்கிறோம், வள்ளியின் ஆட்களை வீட்டுக்குள் எடுக்க மாட்டோம்.

ஸ்காபரோ வாசகன்:

கனடாவிலிருந்து சின்னதாக ஒன்று. இன்றைய ரொறொன்ரோவின் பெரும்பகுதி நிலத்தை 1787இலும் 1805இலும் மிசிசாகா மக்களிடமிருந்து வாங்கியதாகப் பிரித்தானியர் எழுதிக்கொண்டார்கள், அது நேர்மையான வாங்கல் இல்லை என்ற அந்த மக்களின் கோரிக்கை 2010இல் 145 மில்லியன் டொலரில் முடிந்தது. என் பிள்ளைகள் செப்டெம்பர் 30இல் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு வதிவிடப் பாடசாலைகளில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 150,000 பூர்வகுடிப் பிள்ளைகளின் நினைவாக. உண்மை ஆணைக்குழு ஊர் ஊராகப் போய் 6,500க்கு மேற்பட்டவர்களைக் கேட்டது, 94 பரிந்துரைகள் வைத்தது. நிறையக் குறை இருக்கிறது. ஆனாலும் அந்த மக்கள் சொன்னது அவர்கள் குரலிலேயே பதிவாகி இருக்கிறது, அவர்களே பிறகு போய்க் கேட்கலாம். கடலோரம் அண்ணா சொன்ன, கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை என்ற குறைக்கு இது ஒரு வழி. பதிவு யாரிடம் இருக்கும் என்பதை முதலிலேயே முடிவெடுங்கள்.

நீர்கொழும்பான்:

கடலோரம் தம்பி எழுதியதை வாசித்தேன். பள்ளிக்கூடத்துக் கதை மனதை வருத்துகிறது. ஆனால் என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. எழுதுவதைப் பிறர் திரித்துப் பயன்படுத்தினால் யார் பொறுப்பு?

மலைச்சாரல்:

அண்ணா, திரிக்கிறவன் எழுதாவிட்டாலும் திரிப்பான். 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே விடச் சொல்லி உட்கார்ந்தபோதும் இதையேதான் சொன்னார்கள், இப்போது சாதியைப் பேசினால் தமிழர் ஒற்றுமை குலையும் என்று. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957லேயே வந்துவிட்டது, வாசல் திறக்க அதற்குப் பிறகும் அடிபட வேண்டியிருந்தது. பொறுத்திருங்கள் என்று சொன்னவர்கள் யாரும் அடிபட்டவர்கள் அல்ல. வேடருக்கும் அதையே சொல்லாதீர்கள்.

தெற்குவானம்:

நான் வாருங்கள் என்று சொன்னேன், அதை மாற்றவில்லை. ஆனால் இந்த இழையை வாசித்த பிறகு ஒன்று சேர்க்கிறேன்: வருவதானால் வாகரையைச் செய்துவிட்டு வாருங்கள். யோர்ட்டா யோர்ட்டா தீர்ப்பையும் 1840 கட்டளைச் சட்டத்தையும் 1949 சட்டத்தையும் ஒன்றாக வைத்து வாசிக்கிற ஆள் இங்கே என் கண்ணில் படவில்லை. வழக்கு ஏடுகள் எது வேண்டுமானாலும் கேளுங்கள், அனுப்புகிறேன்.

வெள்ளவத்தைக்காரி:

தலைப்பை மாற்றி எழுதிப் பார்த்தேன், எல்லோரும் பார்த்துச் சொல்லுங்கள். "சான்று கேட்கும் அரசு: 1840 முதல் இன்றுவரை கிழக்குக் கரையோர வேடர், நிலம், இனப் பதிவு." யார் முதலில் வந்தார்கள் என்ற கேள்வியை எடுக்கப் போவதில்லை, நீர்கொழும்பான் அண்ணாவின் பயத்தையும் ஆய்வேட்டிலேயே ஒரு பகுதியாக நேரடியாக எழுதுவேன், ஏனென்றால் அந்தப் பயமும் இந்த வரலாற்றின் பகுதிதான். மலையகப் பிரசாவுரிமை ஆவணங்களை ஒப்பிட ஒரு அத்தியாயம். தமிழ்ச் சமூகம் வேடரை நடத்திய விதம் அடிக்குறிப்பாக இல்லாமல் நடுவில் வரும். பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும், அதற்கு முன்பே தமிழில் எழுதி ஊரில் வாசித்துக் காட்டுவேன், வேண்டாம் என்று அவர்கள் சொல்வதை எடுத்துவிடுவேன். ஒலிப்பதிவுகளின் பிரதி ஊரிலேயே இருக்கும். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். எழுதினதை எனக்கும் வாசித்துக் காட்டு என்றார்.

கடலோரம்:

தலைப்பு பரவாயில்லை. இன்னும் சில விஷயம். மாரி காலத்தில் வராதீர்கள், வீதி வெள்ளத்தில் நிற்கும், ஆட்களுக்கும் வேலை இருக்காது, கடன்காரர் வருகிற நேரம் அது, மனம் விட்டுக் கதைக்க மாட்டார்கள். தை பிறந்த பிறகு வாருங்கள். கிராம சேவகரைக் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்குப் போகாதீர்கள், நிவாரணப் பட்டியல் எழுத வந்ததாக நினைத்து நீங்கள் கேட்பதற்கெல்லாம் ஓம் என்பார்கள். முதல் முறை கேள்வித்தாள் வேண்டாம், எதற்காக வந்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பெண்களிடம் தனியாகக் கதையுங்கள், கடன் புத்தகம் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. ஊர்ப் பெயரை ஆய்வேட்டில் மாற்றிப் போடுங்கள், அல்லது போடலாமா என்று அவர்களிடமே கேளுங்கள், சிலர் போடச் சொல்வார்கள். அம்மாவிடம் சொல்லி வைக்கிறேன். வருகிற திகதியை முன்கூட்டியே தெரிவியுங்கள், நானும் லீவு போட்டுவிட்டு வரப் பார்க்கிறேன்.